பாறைக்குழியில் கிடக்கும் கடல் முயல் எந்த இனம்? கண்டுபிடிப்பது இப்படித்தான்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியபட்டணம் பாறைப் பக்கம், கடல் நன்றாக வற்றியிருக்கும் ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பாசி படர்ந்த குழிக்குள் உள்ளங்கை அளவில் கொழகொழவென்று ஒன்று கிடக்கும். முதல் பார்வைக்கு அழுகிப்போன பாசி உருண்டை மாதிரிதான் இருக்கும். தெரியாமல் மிதித்துவிட்டால் தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். சின்ன வயதில் நான் இதைத் தொடப் போனபோது, சிப்பி எடுக்கப் போகும் என் சித்தப்பா, "மக்களே, அதத் தொடாத, மை கக்கிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அது என்ன என்று கேட்டதற்கு, "கடல் பூச்சி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றுவரை போதவில்லை.

அதன் பெயர் கடல் முயல். பூச்சி இல்லை, நத்தை வகை. ஓடு வெளியில் தெரியாது, சிலவற்றில் முதுகுக்குள் ஒளிந்திருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. தலையில் முயல் காது மாதிரி இரண்டு கொம்பு நிற்பதால் இந்தப் பெயர். நம் மாவட்டக் கரையில் ஒரே ஒரு கடல் முயல்தான் உண்டு என்று நினைத்து, பார்ப்பதையெல்லாம் ஒரே பெயரில் படம் போடுகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. வெப்பமண்டலக் கடலில் பல இனங்கள் உண்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் பெரும்பாலானவற்றைக் கரையில் நின்றே பிரித்துச் சொல்லிவிடலாம். நான் பார்க்கும் முறையைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் எப்போது போவது. ஆனி, ஆடியில் போகாதீர்கள், அந்தக் கடலில் பாறைக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது, தண்ணீரும் கலங்கி இருக்கும். தை முதல் பங்குனி வரை கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருக்கும் காலம். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் சரி, அப்போதுதான் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரையில் போல மைல் கணக்கில் கடல் உள்வாங்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. கிடைப்பது சின்ன நேரம்தான், அதனால் வற்றம் முழுதாக முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இடத்தில் இருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கள்ளக்கடல். காற்று இல்லை, மழை இல்லை, வானம் நீலமாக இருக்கிறது, ஆனால் எங்கோ தொலைவில் தெற்கே எழுந்த அலை சத்தமில்லாமல் வந்து பாறையை மூடிவிடும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை நாம் இழந்தது அப்படித்தான். இந்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இன்று பாறைக்குப் போகலாமா என்று கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தனியாகப் போகவே வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு குழிக்குள் குனிந்து படம் எடுப்பதும் வேண்டாம், ஒருவர் குனிந்தால் இன்னொருவர் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சரி, எங்கே தேடுவது. கடல் முயல் பாசி தின்னும் பிராணி, பாசி இருக்கும் இடத்தில்தான் இருக்கும். கடியபட்டணம், முட்டம், குறும்பனை மாதிரி பாறைக்கரைகளில் பச்சைப்பாசியும் செம்பாசியும் அடர்ந்த குழிகளைப் பாருங்கள். கற்களுக்கு அடியிலும் பாருங்கள், ஆனால் புரட்டிய கல்லை மறுபடி அதே மாதிரி வைத்துவிடுங்கள், அதற்கு அடியில் குடியிருப்பவை ஏராளம். மணக்குடிக் காயல், தேங்காய்பட்டணம் முகத்துவாரம் மாதிரி சேறும் மணலும் கலந்த இடங்களில் தேட வேண்டியது வேறு வகை, அதைப் பிறகு சொல்கிறேன். வெறும் மணற்கரையில் உயிரோடு பார்ப்பது அபூர்வம், கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலையில் பாசியோடு சேர்ந்து வருவதும் அலை ஒதுக்கியதும்தான் கிடைக்கும்.

குழியில் ஏதோ கிடக்கிறது. அது கடல் முயல்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். தொடாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். தலைப்பக்கம் நான்கு உணர்கொம்பு தெரியும். கீழே வாயை ஒட்டி அகலமாக இரண்டு, அதற்குப் பின்னால் மேலே சுருட்டிய வெற்றிலை மாதிரி இரண்டு. மேலே நிற்பவைதான் அந்த முயல் காது. கண்கள் அதன் அடிப்பக்கத்துக்குச் சற்று முன்னால் மிளகை விடச் சின்னக் கரும்புள்ளிகளாக இருக்கும். உடம்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் சேலை முந்தானை மாதிரி இரண்டு தசை மடல்கள் எழுந்து முதுகை மூடியிருக்கும். இவ்வளவும் இருந்தால் கடல் முயல். கொம்பே இல்லாமல் வெள்ளரிக்காய் போல நீண்டு கிடந்தால் அது கடல் அட்டை, அதை எடுக்கவே கூடாது, 2001 முதல் சட்டப்படி தடை. முதுகில் செவுள் பூங்கொத்து மாதிரி வெளியே விரிந்து, உடல் பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் அது வேறு கடல் நத்தை வகை, பெரும்பாலும் பாசியைத் தொடாத மாமிசப் பிராணி. கடல் முயலின் செவுள் மடலுக்குள் மறைந்துதான் இருக்கும்.

இனி இனம். பலரும் உடனே நிறத்தைப் பார்க்கிறார்கள், அங்கேதான் தப்பு தொடங்குகிறது. முதலில் பார்க்க வேண்டியது உடலின் பின்பாதி.

பின்பக்கம் ஒரு பேரிக்காயைச் சரிவாக அறுத்துவிட்ட மாதிரி தட்டையாக, வட்டமாக முடிகிறதா? தோல் சொரசொரப்பாக, சின்னச் சின்ன முளைகளோடு இருக்கிறதா? மடல்கள் நன்றாக விரியாமல், முதுகில் ஒரு பிளவு மட்டும் விட்டு மூடிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் அது டொலபெல்லா ஆரிகுலேரியா. இதைத் தப்பாகச் சொல்லவே வழியில்லை, அந்த வெட்டுண்ட பின்பக்கம் மற்ற எதற்கும் கிடையாது. பெரிதாக வளரும், 40 செ.மீ. வரை கூட. பகலில் பாசிக்குள்ளோ கல் இடுக்கிலோ கல் மாதிரியே கிடக்கும், நீந்தாது. லத்தீனில் டொலபெல்லா என்றால் கைக்கோடாலி. உள்ளே இருக்கும் ஓடு அந்த வடிவம், வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். இந்த விலங்கைப் பற்றி எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இந்தியப் பெருங்கடலில் பிடித்த டொலபெல்லாவிலிருந்துதான் டோலஸ்டாடின் 10 என்ற பொருளைப் பிரித்து 1987-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதை ஒட்டிச் செயற்கையாகச் செய்த ஒரு மூலக்கூறு இன்று நிணநீர்ப் புற்றுக்கான மருந்தில் இருக்கிறது, அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2011-இல். அந்தப் பொருள் இது தின்னும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து வருகிறது என்பது பிறகு தெரிந்தது. நாம் காலால் தள்ளிவிட்டுப் போகிற ஒன்றின் வயிற்றுக்குள் இருந்த சங்கதி அது.

உடம்பெல்லாம் கிளை விட்ட முடி மாதிரி நீட்டங்கள் தொங்குகிறதா? பச்சை கலந்த பழுப்பு நிறம், நடுநடுவே மின்னும் நீலப் புள்ளிகள்? அது பர்சடெல்லா லீச்சியை. மணக்குடிப் பக்கம் தேடச் சொன்னது இதைத்தான். அலையாத்தி வேருக்குப் பக்கத்தில், சேற்றின் மேல் படியும் மெல்லிய பாசிப்படலத்தை மேய்ந்துகொண்டு கூட்டமாகக் கிடக்கும். தண்ணீருக்குள் பார்த்தால் அழகு, வெளியே எடுத்தால் ஈரமான தேங்காய் நார்ப் பந்து, ஒன்றும் புரியாது. வளர்ந்தவற்றில் ஓடு இருக்காது.

ஒல்லியாக, வால் நீண்டு, உடலின் நீளவாக்கில் பேனாவால் கோடு போட்ட மாதிரி மெல்லிய பழுப்புக் கோடுகள், இடையில் ஆரஞ்சு வளையத்துக்குள் நீலப்புள்ளி என்றால் ஸ்டைலோசீலஸ் ஸ்ட்ரையேட்டஸ். விரல் நீளம்தான் இருக்கும். முடி போன்ற நீலப்பச்சைப் பாசித் திட்டுகளில் பத்து இருபதாகச் சேர்ந்து கிடைக்கும். சின்ன பர்சடெல்லாவோடு குழம்பலாம், ஆனால் அந்தக் கோடுகள் தெரிந்தால் குழப்பம் தீர்ந்தது.

இவை எதுவும் இல்லை, தோல் வழவழப்பாக இருக்கிறது, கழுத்து நீள்கிறது, மடல்கள் பெரிதாக, தாராளமாக விரிந்து அசைகின்றன என்றால் நீங்கள் பார்ப்பது அப்ளிசியா. வேலை இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் பாறைக்கரையில் அதிகம் கண்ணில் படுவதும் இந்த வகைதான், உள்ளே ஒன்றுக்கொன்று குழப்பமும் இதில்தான் அதிகம்.

அப்ளிசியாவில் முதலில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சையிலோ வெளிர் பழுப்பிலோ உடல், அதன் மேல் கருப்பு மையால் வளையல் வளையலாக வரைந்த மாதிரி தெளிவான பெரிய வளையங்கள், வளையங்களை இணைத்துக் கருப்புக் கோடுகள் வலை போல ஓடினால் அது அப்ளிசியா ஆர்கஸ். மடல்கள் பின்னால் தாழ்வாகத்தான் சேர்ந்திருக்கும், அதனால் நன்றாக விரித்து அடித்து நீந்தவும் செய்யும். ஆழமான குழியில் அது நீந்துவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் திருக்கை நினைவுக்கு வரும். பழைய புத்தகங்களிலும் இந்தியப் பட்டியல்கள் பலவற்றிலும் இதை அப்ளிசியா டாக்டைலோமேலா என்றுதான் போட்டிருப்பார்கள். உலகம் முழுக்க வளையம் உள்ளதெல்லாம் ஒரே இனம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2013-இல் மரபணுவை ஒப்பிட்டபோது அட்லாண்டிக் கடலில் இருப்பது வேறு, இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் இருப்பது வேறு என்று தெரிந்தது. டாக்டைலோமேலா என்ற பெயர் அட்லாண்டிக்கில் உள்ளதற்கே நின்றுவிட்டது, நம்முடையதற்கு 1830-இல் செங்கடலில் கிடைத்ததை வைத்து இட்ட ஆர்கஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. ஆகவே கன்னியாகுமரியில் எடுத்த படத்துக்கு டாக்டைலோமேலா என்று எழுதாதீர்கள்.

பெயர் மறந்துபோனால் ஒரு வழி சொல்கிறேன். ஆர்கஸ் என்பவன் கிரேக்கக் கதையில் உடலெங்கும் கண் உள்ள காவலன். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கௌதமர் சாபத்தால் உடம்பெல்லாம் கண்ணாக நின்ற இந்திரன் சாபம் நீங்கிச் சுத்தமானது சுசீந்திரத்தில்தானே. உடம்பெல்லாம் பெரிய கண் என்றால் ஆர்கஸ். நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருவரும் மறப்பதில்லை.

இதோடு குழம்புவது அப்ளிசியா ஆக்குலிஃபெரா. இதிலும் கண் உண்டு, ஆனால் பொடிக் கண். பழுப்பு உடலில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கருமையான மெல்லிய விளிம்பு. வளையங்களுக்கு நடுவே வலைக்கோடு கிடையாது. உடலும் சின்னது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இருட்டிய பிறகு மேய வரும் பழக்கம் உள்ளதால் காலையில் அதிகம் கண்ணில் படாது. நான் பிரிப்பது இப்படி: இரண்டு அடி தள்ளி நின்று பார்க்கும்போதே வளையம் தெரிந்தால் ஆர்கஸ். தள்ளி நின்றால் வெறும் பழுப்பு, குனிந்து பார்த்தால்தான் புள்ளி என்றால் ஆக்குலிஃபெரா.

வளையமும் இல்லை புள்ளியும் இல்லை, காபிக்கொட்டை நிறமோ கருப்போ திட்டுத்திட்டாக இருக்கிறதென்றால் அப்ளிசியா ஜூலியானாவாக இருக்கலாம். இதை உறுதி செய்ய நிறம் உதவாது, நடையைப் பார்க்க வேண்டும். பாதத்தின் பின்முனையை உறிஞ்சி மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டு, முன்பாதியை நீட்டி, பிறகு பின்பாதியை இழுத்துக்கொண்டு நகரும். வெண்டைச் செடியில் பச்சைப்புழு முதுகை வளைத்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நடை. மெதுவாக எடுக்கப் பார்த்தால் வால்முனை விடாமல் பிடித்திருக்கும். இதற்குக் கத்தரிப்பூ மை கிடையாது, வெள்ளையாக ஒரு சாறுதான் வரும்.

மை என்றதும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு முறை குறும்பனையில் பெரிய ஒன்று, சேறு அப்பி நிறம் தெரியவில்லை, தொட்டபோது வெள்ளையாக மட்டும் கசிந்தது. உடனே ஜூலியானா என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சேற்றுக்கு அடியில் கருப்பு வளையம். நடந்தது என்னவென்றால், கடல் முயலுக்கு இரண்டு சுரப்பி உண்டு, ஒன்று கத்தரிப்பூ மை, இன்னொன்று வெள்ளைப் பசை. மை ஏற்கெனவே தீர்ந்திருந்தால் வெள்ளை மட்டும்தான் வரும். மையின் நிறம் அது தின்னும் செம்பாசியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் சாயம், பச்சைப்பாசி மட்டுமே தின்று வளர்ந்த ஒன்றிடம் அந்த நிறம் இருக்காது. ஆகவே கத்தரிப்பூ மை வந்தால் ஜூலியானா இல்லை என்று சொல்லலாம். வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மை வரவைப்பதற்காக யாரும் அதைப் பிடித்து அழுத்தவும் வேண்டாம். அது பகையிடமிருந்து தப்பிக்கச் சேர்த்து வைத்த பொருள். சிங்கி இறால் பிடிக்க வந்தால் இந்த மையும் பசையும் கலந்து அதன் முகத்தில் படும், இறால் அதையே இரை என்று நினைத்துத் தின்னத் தொடங்கும், அந்த இடைவெளியில் கடல் முயல் தப்பிவிடும். நம் ஆசைக்காக அதைக் காலி செய்துவிட்டுப் போவது சரியில்லை.

உடல் நிறமும் அப்படித்தான், முக்கியமாகக் குட்டிகளில், என்ன பாசியில் வளர்கிறதோ அந்தச் சாயல் ஏறும். அளவையும் நம்பாதீர்கள். ஆர்கஸும் ஒரு நாள் கட்டைவிரல் அளவில் இருந்ததுதான்.

படம் எடுப்பதில் சோம்பல் கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுங்கள், வெளியே எடுத்தால் மடலும் கொம்பும் சுருங்கி எல்லாமே ஒரே உருண்டையாகிவிடும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையும் கொம்பும் தெரிய ஒன்று, பின்முனை தெரிய ஒன்று. மடல் திறந்திருக்கும் நொடி கிடைத்தால் அதன் உள்பக்கமும், உள் ஓட்டுக்கு மேலே இருக்கும் முதுகுத்துளையும் தெரிய இன்னொன்று, அது தங்கம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் போதும். கை பட்டதும் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது அசையாமல் காத்திருங்கள், திரும்ப விரியும். தொட்டால் செவுளை இழுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் கலிஃபோர்னியா அப்ளிசியாவில் ஆராய்ந்துதான் நரம்பியல் அறிஞர் எரிக் காண்டல் நினைவு எப்படி நரம்பில் பதிகிறது என்று காட்டினார், 2000-இல் நோபல் பரிசும் பெற்றார்.

பக்கத்தில் இடியாப்பம் பிழிந்து விட்ட மாதிரி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ சிக்கல் நூல் கிடந்தால் அது முட்டை. இலட்சக்கணக்கில் இருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள். முட்டையின் நிறத்தை வைத்து இனம் சொல்ல வேண்டாம். நான்கைந்து கடல் முயல் சங்கிலி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் இணைசேர்கின்றன என்று பொருள், ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும் பிராணி. இவற்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வருடம்தான், முட்டையிட்ட பிறகு செத்துக் கரை ஒதுங்கும். திடீரென்று நிறையக் கரையில் கிடந்தால் கடலில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று உடனே பதற வேண்டாம். பெரியவையாக, ஒரே இனமாக இருந்தால் பெரும்பாலும் ஆயுள் முடிந்தவை. மீனும் நண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

செத்து ஒதுங்கியதில் நிறமெல்லாம் போயிருக்கும். அப்போது உதவுவது உள்ளே இருக்கும் ஓடு. முதுகின் நடுவில் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, ஓரம் உணரும்படி இருந்தால் டொலபெல்லா. பிளாஸ்டிக் தாள் மாதிரி வளைந்து கொடுத்தால் அப்ளிசியா. ஒன்றுமே தட்டுப்படவில்லை, முடி போன்ற நீட்டங்களின் மிச்சம் இருக்கிறது என்றால் பர்சடெல்லா. பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள், கழுவும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள், நாயைக் கூட்டிப் போயிருந்தால் அதன் வாயில் இது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரை ஒதுங்கிய கடல் முயலைத் தின்ற நாய்கள் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டது ஆஸ்திரேலியாவில் தெரிந்த விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எழுதி வையுங்கள்: ஊர், தேதி, வற்ற நேரம், பாறையா சேறா, பக்கத்தில் என்ன பாசி, எத்தனை இருந்தன. படங்களை ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் படங்களைப் பகிரும் இணையதளத்தில் ஏற்றினால் இதையே வேலையாக வைத்திருப்பவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். பின்முனையும் வளையமும் தெளிவாகத் தெரிந்தால் இனம் வரை எழுதுங்கள். தெரியவில்லை என்றால் அப்ளிசியா என்று மட்டும் போட்டு நிறுத்திவிடுங்கள், அடுத்த அமாவாசைக்கு அதே குழிக்குத் திரும்பப் போய்ப் பார்க்கலாம்.